நாற்பத்தைந்து விநாடி

ஜனவரி 9, வெள்ளி

ஆங்கிலப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றிலும் நினைத்ததைவிட அதிகம். பேச்சில் முப்பதுக்குப் பதினாறு. நான் போக நினைக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்பது இருபத்திரண்டு.

குடிநீர் நிலையத்து ஆய்வுக்கூடத்தில் கலங்கல் பார்க்கிற நேரம் அது. ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்று நீர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம், உள்ளே துடுப்புகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. கைபேசியைப் பார்த்தேன். அங்கிப் பைக்குள் போட்டேன். நான்காம் குவளையில் சேறு பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்குவதைக் குறித்துக்கொண்டேன். இன்றைக்கு ஊருக்குப் போகிற தண்ணீரில் கலக்க வேண்டிய படிகாரத்தின் அளவு அதுதான். வேலை சரியாக நடந்தது. நான்தான் அங்கே இல்லை.

வீட்டில் "இன்னும் வரலை" என்றேன். அதைச் சொல்லவே நேரம் பிடித்தது. நான் முடிப்பதற்குள் அம்மா, "வரும்போது வரட்டும்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுதிப் பார்த்தால் தெளியும்.

எனக்குத் திக்கும். நினைவு தெரிந்த நாளாகத் திக்கும். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அம்மா "கொஞ்சம் தயக்கம்" என்பாள். அண்ணன் ஒன்றுமே சொல்ல மாட்டான். நான் தொடங்கிய வாக்கியத்தை அவன் முடித்துவைப்பான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பேசியே பிழைக்கிறவன். வீட்டுக்குள் ஒருத்திக்காகக் கூடுதலாகப் பேசுவது அவனுக்குச் சுமையில்லை.

பரீட்சை அறையில் தடுப்புத் தடுப்பாகக் கணினிகள். காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். திரையில் கேள்வி: உங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன்? யோசிக்கப் பதினைந்து விநாடி. பேச நாற்பத்தைந்து. யோசிக்க எனக்கு மூன்று விநாடி போதும். எங்கள் நிலையத்து மேல்தொட்டியின் மொட்டைத்தளம், அங்கிருந்து ஊர்க் கூரைகள் தெரிகிற விதம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. 'மை' என்று தொடங்க வேண்டும். உதடு ஒட்டிக்கொண்டது. திரையில் விநாடிகள் இறங்கின. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் தன் மாமா வீட்டைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். உதடு திறந்தபோது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் இருந்தது.

எங்கோ உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போட்டவருக்குப் போனது நீண்ட மௌனமும் ஒரு வாக்கியமும். அதற்குப் பதினாறு போட்டதே தாராளம்.

அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை என்னை ஆய்வு மாணவியாக எடுத்துக்கொள்வதாக நவம்பரிலேயே எழுதிவிட்டார். கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பை மலிவான மணல் வடிகட்டியில் பிரிப்பது. நான் இங்கே நான்கு வருடமாக வேலை ஒழிந்த நேரத்தில் நோண்டிக்கொண்டிருக்கிற விஷயம். 'மொழித் தகுதி பூர்த்தியானால்' என்ற நிபந்தனையோடு அனுமதி. ஏப்ரல் கடைசிக்குள் மதிப்பெண் போய்ச் சேர வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "பதினாறா? உனக்கா? வீட்ல இருக்கிற தடித்தடி இங்கிலீஷ் புத்தகமெல்லாம் யார் படிச்சது அப்போ?"

"அது இங்கி—" என்றேன்.

"இங்கிலீஷ்தான், தெரியுது. படிக்கிற, பேசுறதில்ல. ஆள் இல்லாம எப்படிப் பேசுவ? ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் பார்க்கிறேன். விடு."

அது இங்கிலீஷ் இல்லை என்று சொல்ல வந்தேன். அவன் நேர் எதிராக முடித்துவிட்டான். மறுபடி தொடங்கத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டினேன்.

ஜனவரி 24, சனி

வகுப்பு ஒரு செருப்புக்கடையின் மாடியில். மாஸ்டர் முன்பு வானொலியில் செய்தி வாசித்தவராம். நல்ல குரல். அவருக்கு ஒரே மந்திரம்: "நிறுத்தாதீங்க. தப்பா வந்தாலும் பரவால்ல, நிறுத்தாதீங்க."

இருவர் இருவராகப் பிரித்தார். எனக்கு வாய்த்தவள் ஒரு நர்ஸ். மேல்படிப்புக்கு அவளும் வெளிநாடு போகப் பார்க்கிறாள். நேற்று நடந்ததை நாளைக்கு நடக்கப் போவதுபோல் சொல்கிறாள், நாளை நடக்கப் போவதை முடித்தே விடுகிறாள், ஆனால் மூச்சு வாங்குவதில்லை. மனதுக்குள் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தேன்.

மாஸ்டர் அவளிடம், "நல்ல ஓட்டம்" என்றார். என்னிடம், "யோசிக்காதீங்க. யோசிக்கிறதுதான் உங்க பிரச்சினை" என்றார். யோசித்தால் சரியாகும் என்றால் இத்தனை வருடத்தில் நான் சொற்பொழிவாளர் ஆகியிருப்பேன்.

என் முறை வந்தபோது இரண்டாவது சொல்லிலேயே நின்றது. எக்ஸ்பிரஸ் என் முகத்தைப் பார்த்தாள். கீழே குனியவில்லை, உதவிக்கும் வரவில்லை.

"மெதுவாவே சொல்லுங்க அக்கா. எனக்கு டியூட்டி ரெண்டு மணிக்குத்தான்."

சிரித்துவிட்டேன். சிரித்தபின் சொல் வந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

எக்ஸ்பிரஸ் இன்று சொன்னது: "உங்க இலக்கணமும் என் வாயும் ஒரே ஆளுக்கு இருந்திருந்தா, அந்த ஆள் எப்பவோ பிளேன் ஏறியிருக்கும்."

பிப்ரவரி 3, செவ்வாய்

பேராசிரியைக்கு உண்மையை எழுதினேன். எழுத்தில் எனக்கு எதுவும் அடைப்பதில்லை. எனக்குத் திக்கும், அதனால்தான் இந்த மதிப்பெண், வேறு வழி உண்டா என்று மூன்று வரி.

இன்றே பதில் வந்தது. மொழி விதியில் தன் கை எட்டாது, அது பட்டமேற்படிப்பு அலுவலகத்தின் விதி என்று எழுதியிருக்கிறார். ஆய்வு மாணவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் சொல்வது புரியவில்லை என்று பிள்ளைகள் புகார் கொடுத்தார்களாம், அதிலிருந்து பேச்சுக்குத் தனி மதிப்பெண். நியாயம்தான். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டுமா, தண்ணீரை அமிலத்தில் ஊற்ற வேண்டுமா என்பது புரியாமல் போனால் கண் போய்விடும்.

கடைசியில் ஒரு வரி. பரீட்சை நடத்துகிறவர்கள் உடற்குறை உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் தருவார்கள், சான்றிதழோடு விண்ணப்பித்துப் பாருங்கள்.

அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். இத்தனை காலம் கொஞ்சம் தயக்கமாக இருந்தது, ஒரே வரியில் வேறு பெயர் வாங்கிக்கொண்டுவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

பேராசிரியை எழுதிய 'டிஸெபிலிட்டி' என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். எதற்கு? தெரியாத சொல்லா அது?

பிப்ரவரி 14, சனி

வகுப்புக்குப் போகவில்லை. எக்ஸ்பிரஸ் தன் மருத்துவமனையிலேயே பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

சின்ன அறை, ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி, குழந்தைகளுக்கான பொம்மைகள் ஒரு கூடையில். பயிற்சியாளருக்கு என் வயதுதான் இருக்கும். தமிழில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் ஒன்று, பிறகு இரண்டிலும் சும்மா பேசச் சொன்னார். பதிவு செய்து திரும்பப் போட்டுக் கேட்டார். பதிவில் என் குரலை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. போகப்போக அது யாரோ ஒருத்தி பேசுவதுபோல் ஆகிவிட்டது. அந்த ஒருத்தி சொன்னதில் விஷயம் இருந்தது.

"சொல் கிடைக்காம நிக்கிறவங்க கண்ணு மேல போகும், தேடும்," என்றார். "உங்க கண்ணு எங்கயும் போகல. சொல் வாயிலயே இருக்கு. ரெண்டு மொழியிலும் ஒரே மாதிரி எழுத்துலதான் நிக்குது. அப்படின்னா இது மொழிப் பிரச்சினை இல்ல. இதைத்தான் நான் எழுதித் தருவேன்."

"இது ச—சரியாகுமா?"

"குறைக்கலாம். பயத்தை நிறையக் குறைக்கலாம். முழுசா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பொய் சொல்லாதது ஆறுதலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா சான்றிதழ் வேண்டாம் என்கிறாள்.

"வாய்ல இருக்கிற வரைக்கும் அது நம்ம வீட்டு விஷயம். எழுத்துல வந்துட்டா அப்புறம் போகாதுடி. நாளைக்கு ஒரு வேலைக்குப் போனா, ஒரு சம்பந்தம் வந்தா, இந்தப் பேப்பர் முன்னாடி வந்து உட்காரும்."

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். காகிதத்தின் மேல் அவளுக்கு மரியாதையும் பயமும் உண்டு.

நான் பேசத் தொடங்கினேன். அவள் கண்கள் கலங்கின. என் பேச்சுத் திக்கியதற்கா, நான் சொன்னதற்கா? அது தெரியாததால் பாதியில் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்னும் ஆத்திரம் அடங்கல.

வேலைவிட்டு வந்து செருப்பைக் கழட்டுறேன், உள்ளே அண்ணன் போன்ல பேசுறான். பரீட்சைக்காரங்களோட உதவி எண்ணுக்கு. எவ்வளவு அழகா பேசுறான். "என் தங்கச்சிக்குப் பேச்சு வராது சார். அவளால உங்ககிட்ட பேச முடியாது, அதான் நான் பேசுறேன்."

பேச்சு வராதா? எனக்கா? நான் என்ன ஊமையா? என் கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?

இதையெல்லாம் அவனிடம் சொன்னேனா என்றால், இல்லை. கோபம் வந்தால் எனக்கு ஒரு சொல்கூட வராது. போனைப் பிடுங்கி வைத்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. விண்ணப்பிக்கிறவர்தான் நேரில் பேச வேண்டும், மற்றவரிடம் விவரம் தர மாட்டோம் என்று அவர்கள் அதற்குள் சொல்லிவிட்டார்களாம்.

நல்லா சொன்னாங்க.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீட்டில் தொலைக்காட்சி மட்டும் பேசுகிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மழை. அண்ணன் நிலையத்து வாசலில் வண்டியோடு நின்றிருந்தான். நான் கூப்பிடவில்லை, அவனும் வரேன் என்று சொல்லவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக் கூரைக்கடியில் மழை விடக் காத்திருந்தோம்.

"உனக்கு ஞாபகம் இருக்கா தெரியல," என்றான். "நீ ஒண்ணாவது படிக்கும்போது டீச்சர் பேர் கூப்பிடுவாங்க. 'உள்ளேன்'னு சொல்லணும். உனக்கு அந்த 'உ' வராது. நீ எழுந்து நிப்ப, வாய் மட்டும் அசையும், டீச்சர் நிமிர்ந்து பார்க்காம வரலைன்னு போட்டுருவாங்க. கிளாஸ்லயே இருந்துட்டு ஒரு மாசம் நீ ஆப்சென்ட். அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு இருக்கிறது.

"அப்புறம் நான் என் கிளாஸ்லேர்ந்து ஓடி வந்து உன் வாசல்ல நின்னுப்பேன். உன் பேர் வந்ததும் நான் சொல்லுவேன், உள்ளேன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நீயும் சிரிப்ப." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "அதுலேர்ந்து பழகிப்போச்சு பாப்பா. நிறுத்தச் சொல்லி நீ சொன்னதில்ல."

சொல்ல நீ எங்கே விட்டாய் என்று கேட்கத் தோன்றியது. "இ—இனிமே நானே சொல்றேன்" என்றேன். நீளமாகத்தான் திக்கியது. அவன் வாய் இரண்டு தடவை அசைந்தது. ஆனால் முடிக்கவில்லை. அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மதிய இடைவேளை. ரசாயனம் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உதவி எண்ணை அழைத்தேன்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டது. என் பெயர்தான் எனக்கு உலகத்திலேயே கஷ்டமான சொல். மற்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் உண்டு, பெயருக்கு இல்லை. முதல் எழுத்திலேயே நின்றது. "ஹலோ? ஹலோ?" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி. இந்தத் தடவை ஓர் ஆண் குரல். லைன் சரியில்லை, பிறகு அழையுங்கள் என்றார்.

சோடா உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தேன். வியர்த்து அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. போகட்டும், கடிதம் எழுதிப் போடலாம் என்று நினைத்தேன். கடிதத்துக்குப் பதில் வர மாதமாகும் என்று அவர்களுடைய பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

மூன்றாம் தடவை அந்தப் பெண்ணே எடுத்தாள். அவள் பெயர் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஐ ஸ்டா—" அங்கேயே நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். தள்ளவில்லை, வேறு சொல் தேடவில்லை. "—மர். ப்ளீஸ் வெயிட்."

எனக்குத் திக்கும், காத்திருங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்கிறவர்கள் தாமே தெரிந்துகொள்வார்கள், நான் ஏன் சொல்ல வேண்டும் என்றே இருந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "மன்னிக்கணும் மேடம், லைன்தான் போச்சுன்னு நினைச்சேன்" என்றாள் ஆங்கிலத்தில். "சொல்லுங்க. நான் இருக்கேன்."

பிறகு என் பெயரைச் சொன்னேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. அவள் இருந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

சான்றிதழை அனுப்பினேன். அனுப்புமுன் அம்மா வாங்கிப் படித்துப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு நாளைக்கு எத்தனை பேரோட மருந்துச் சீட்டு என் கைக்கு வருது. யாரையும் அதை வச்சு நான் குறைச்சு நினைச்சதில்ல. உன் சீட்டுக்கு மட்டும் ஏன் பயந்தேன்னு தெரியல."

மார்ச் 17, செவ்வாய்

கூடுதல் நேரம் கிடைத்தது. ஒன்றரை மடங்கு. தனி அறை.

எக்ஸ்பிரஸிடம் சொன்னேன். "அப்போ எனக்கு முக்கால் மடங்கு போதும்னு எழுதிக் கொடுங்கக்கா, மிச்சத்தை உங்களுக்கே தரச் சொல்றேன்" என்றாள்.

மார்ச் 28, சனி

பரீட்சை முடிந்தது.

திக்காமல் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். திக்கியது. இரண்டாம் கேள்வி, நெருங்கிய ஒருவரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டை எப்படித் தீர்த்தீர்கள் என்பது. அண்ணனைப் பற்றிச் சொன்னேன். 'பிரதர்' என்ற இடத்தில் நன்றாகவே நின்றது. பயிற்சியாளர் சொன்னபடி மூச்சை விட்டேன், அது நகர்ந்தது. எல்லாம் சொல்லி முடித்தபின்னும் திரையில் சில விநாடி மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைவிடச் சுகமாக நான் சமீபத்தில் உட்கார்ந்த நினைவில்லை.

ஏப்ரல் 8, புதன்

பேச்சில் இருபத்து மூன்று.

அம்மா கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். பையைக் கீழே வைக்காமலே நின்று கேட்டாள். அண்ணன் நாலு பேருக்குப் போன் போட்டான்.

எக்ஸ்பிரஸுக்கும் இன்றுதான் முடிவு வந்தது. எழுத்தில் குறைந்துவிட்டது. "நீங்க நின்னு நின்னு போய்ச் சேர்ந்துட்டீங்க. நான் நிக்காம ஓடி விழுந்துட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் கம்மியிருந்தது. சனிக்கிழமைதோறும் அவள் கட்டுரையை நான் திருத்துவதாக ஏற்பாடு. இன்றே அனுப்பிவிட்ட முதல் கட்டுரையில் ஒரே பத்தியில் ஒருவர் இறந்து, ஊசி போட்டுக்கொண்டு, நாளை வீடு திரும்புகிறார்.

ஜூலை 4, சனி

எக்ஸ்பிரஸ் தேறிவிட்டாள். எல்லோரும் அவரவர் காலத்தில் ஒழுங்காக இறந்திருக்கிறார்கள் போலும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

விமான நிலையம். பார்வையாளர் சீட்டு வாங்கியதால் பெட்டி எடை போடுகிற இடம்வரை அண்ணனை விட்டார்கள். ஜன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். எனக்கு 'ஜ' வரவில்லை. அண்ணன் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் என்றேன்.

அதற்கப்புறம்தான் திரும்பினான். "ஜன்னலா? மேகத்தைத் தவிர ஒண்ணும் தெரியாதே" என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

செப்டம்பர் 2, புதன்

இங்கேயும் ஒன்று பாக்கி. பேச்சில் இருபத்தைந்துக்குக் கீழே வாங்கிய வெளிநாட்டு மாணவர்கள், வகுப்பெடுக்குமுன் மூன்று பேர் முன்னிலையில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நான் வடிகட்டுதலை எடுத்துக்கொண்டேன். தொடங்குமுன், எனக்குத் திக்கும், சில இடங்களில் நேரம் எடுக்கும், புரியாவிட்டால் கேளுங்கள் என்றேன். நடுவில் இருந்த பெரியவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

முடிந்ததும் மணலுக்கு மேல் ஏன் கரித்தூள் வைக்கிறீர்கள், கீழே வைத்தால் என்ன என்று கேட்டார். அவர் மொழி அலுவலகத்துக்காரர், வேதியியல் தெரியாதவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

செய்முறை வகுப்பு எடுக்கலாம் என்று மாலையில் எழுதிவிட்டார்கள்.

செப்டம்பர் 17, வியாழன்

முதல் வகுப்பு.

நீளமான அறை, தொட்டிகளில் பழைய அமிலக் கறை, பாதிக் குழாய்களில் தண்ணீர் வேகம் குறைவு. பிள்ளைகள் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு இறக்க வைப்பதற்கே கால் மணி போனது. கடைசி மேஜையில் ஒரு பெண் இரண்டாம் வடிகட்டலைச் செய்யாமலே நேராக அளந்துவிட்டாள். ஏன் என்றால், முதலிலேயே தெளிந்துவிட்டது, இரண்டாவது எதற்கு என்கிறாள். தெளிந்ததுபோல் தெரிவதும் தெளிந்ததும் ஒன்றில்லை என்றேன். நிரூபியுங்கள் என்றாள். இரண்டு மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரும்பு அளந்தோம். இரண்டு தடவை வடிகட்டிய என் மாதிரியில் இரும்பு அவளுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அவள் விடவில்லை, காகிதத்தின் துளை அளவைக் கேட்டாள், வேறு காகிதம் போட்டால் என்ன ஆகும் என்றாள். மணி அடித்தது, மற்றவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் மறுபடி குழாயைத் திறந்தோம்.

பேருந்தை விட்டுவிட்டேன். நடந்து வந்தேன்.

இப்போது வகுப்பில் எங்கெங்கே திக்கியது என்று எழுதி வைக்கலாம் என உட்கார்ந்தேன். பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டும். கட்டாயம் பல இடத்தில் நின்றிருக்கும். எந்தச் சொல்லில் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் கேட்ட துளை அளவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கலாம். நாளைக்குச் செய்து பார்க்க வேண்டும்.